நிலவறைக் கதையும் பின்கட்டுச் சுவரும்: ஒரு பழைய வீட்டைக் காப்பாற்றும் முறை

என் சித்தி மகன் அமெரிக்காவில் ஓஹையோ ஆற்றங்கரைச் சிற்றூர் ஒன்றில் பழைய செங்கல் வீடு வாங்கினான். 1840-களில் கட்டியது. விற்ற முகவர் வீட்டோடு ஒரு கதையையும் சேர்த்தே விற்றிருந்தார்: நிலவறையில் அடிமைகள் ஒளிந்திருந்தார்களாம், அங்கிருந்து ஆற்றுக்குச் சுரங்கப்பாதை போகிறதாம். சாவி கைக்கு வந்த அன்று இரவே என்னை அழைத்தான்.

“அக்கா, சரித்திர வீடு அக்கா. நல்லா புதுப்பிச்சு வைக்கணும். எதுலேருந்து ஆரம்பிக்கிறது?”

“எதையும் தொடாதே. ஒரு வருஷம் சும்மா இரு” என்றேன். அதற்குள் பின்பக்கத்து ஒட்டுச் சமையலறையை இடிக்க ஆள் பேசி முன்பணமும் கொடுத்திருந்தான். அந்த முன்பணம் போனது போனதுதான்.

அவன் என்னைக் கேட்டதற்குக் காரணம் உண்டு. எங்கள் ஐயா, அதாவது தாத்தா, காரைக்குடிப் பக்கம் கொத்தனார். கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் கலந்து சுண்ணாம்பு அரைக்கும் இடத்தில்தான் என் சின்ன வயது விடுமுறைகள் போயின. நான் சிவில் படித்து, சின்சினாட்டிக்கு வந்து பதினான்கு வருடம் ஆகிறது. வாரநாட்களில் பாலங்களுக்குக் கணக்குப் போடுவேன், சனிக்கிழமைகளில் பழைய வீடுகளில் கரண்டி பிடிப்பேன். தம்பிக்கு மூன்று வருடமாகச் சொன்னதை இங்கே ஒழுங்கு செய்து எழுதுகிறேன். இந்தப் பக்கம் பழைய வீடு வாங்கிய நம்மவர்கள் எனக்குத் தெரிந்தே நாலைந்து பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கும் ஆகும்.

முதலில் ஊரைத் தெரிந்துகொள்ளுங்கள்

ஆற்றுக்குத் தென்கரை கென்டக்கி, அடிமைமுறை சட்டப்படி நடந்த மாநிலம். வடகரை ஓஹையோ. 1787-ஆம் ஆண்டின் வடமேற்குப் பிரதேசச் சட்டம் இந்தக் கரையில் அடிமைமுறையைத் தடுத்திருந்தது. அதற்காக, ஆற்றைத் தாண்டியவுடன் விடுதலை என்று நினைத்துவிடக் கூடாது. 1850-ஆம் ஆண்டுச் சட்டப்படி, தப்பி வந்தவருக்கு இடம் கொடுத்தால் 1,000 டாலர் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை. கனடா எல்லையைத் தாண்டினால்தான் நிம்மதியான தூக்கம்.

முடிவும் ஒரே நாளில் வரவில்லை. லிங்கன் 1863 ஜனவரி 1 அன்று வெளியிட்ட விடுதலைப் பிரகடனம், கிளர்ச்சி செய்த மாநிலங்களுக்கு மட்டுமே. ஒன்றியத்தோடு நின்றுகொண்ட கென்டக்கியை அது தொடவில்லை. டெக்சாஸின் கால்வெஸ்டனில் 1865 ஜூன் 19 அன்று விடுதலை ஆணை படிக்கப்பட்டது; அந்த நாளை இன்று நாடே கொண்டாடுகிறது. தம்பியின் வீட்டு மாடியிலிருந்து பார்த்தால் தெரியும் கென்டக்கிக் கரையில், அதற்குப் பிறகும் ஆறு மாதம் மனிதர்கள் சொத்தாகவே இருந்தார்கள். 1865 டிசம்பரில் அடிமைமுறையை ஒழித்த அரசியல் சட்டத்தின் 13-ஆவது திருத்தம் நிறைவேறிய பிறகுதான் அங்கே அது முடிந்தது. கென்டக்கி சட்டமன்றம் அந்தத் திருத்தத்துக்குச் சம்மதம் சொன்னது 1976-இல். ஆம், 1976.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், “அடிமைமுறையோடு தொடர்புள்ள வீடு” என்றதும் எல்லோரும் ஒளிவிடத்தைத்தான் தேடுகிறார்கள். 1865-க்குப் பிறகு அதே வீட்டில் யார் குடியேறினார்கள் என்று பார்ப்பவர் குறைவு. தம்பியும் பார்க்கவில்லை. நானும் முதலில் பார்க்கவில்லை.

தாய்ப்பத்திரம் வரை போங்கள்

ஊரில் நிலம் வாங்கும் முன் வில்லங்கம் பார்ப்போமே, வேலை அதேதான். கவுன்டி (நம் மாவட்டம் மாதிரி) பதிவாளர் அலுவலகத்தில் உங்கள் பத்திரத்தில் தொடங்கி, விற்றவர், அவருக்கு விற்றவர் என்று பின்னோக்கிப் போக வேண்டும். ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் ஒரு தாள் வைத்துக்கொள்ளுங்கள். பத்திரம் பெரும்பாலும் நிலத்தைப் பற்றித்தான் பேசும், வீட்டைப் பற்றிப் பேசாது. வீடு எப்போது வந்தது என்பதை வரி ஏடு காட்டிக்கொடுக்கும்: ஒரு வருடம் சொற்ப மதிப்பில் இருந்த மனை அடுத்த வருடம் பல மடங்கு ஏறியிருந்தால், நடுவில் யாரோ கட்டியிருக்கிறார்கள்.

அப்புறம் சான்பார்ன் வரைபடங்கள். 1867 முதல் தீக்காப்பீட்டு நிறுவனங்களுக்காக வரைந்தவை. செங்கல் என்றால் இளஞ்சிவப்பு, மரம் என்றால் மஞ்சள். எந்த அறை எந்த ஆண்டு வரைபடத்தில் முதன்முதலாகத் தெரிகிறது என்று ஒப்பிட்டுப் பாருங்கள். உங்கள் ஊருக்கு நாலு பதிப்பு கிடைத்தால் அதிர்ஷ்டம்தான்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பைப் படிக்க மனம் கொஞ்சம் கெட்டிப்பட வேண்டும். 1850, 1860 ஆண்டுகளில் கென்டக்கி போன்ற மாநிலங்களில் அடிமைகளுக்கென்று தனி ஏடு. அதில் உடைமையாளர் பெயர் இருக்கும். அதன் கீழே 34, ஆண், 27, பெண், 4, பெண், இவ்வளவுதான். அந்த நாலு வயதுக் குழந்தைக்குப் பெயர் கிடையாது. 1870 கணக்கெடுப்பில்தான் அவர்களில் பெரும்பாலானோர் பெயரோடு வருகிறார்கள். அதனால் நீங்கள் தேடும் முக்கியமான ஆண்டு 1870. (1890 ஏட்டைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். அதில் பெரும்பகுதி 1921-இல் நடந்த தீவிபத்தோடு போய்விட்டது.)

வடகரையும் புனிதமாக இல்லை. 1804, 1807 ஆண்டுகளின் ஓஹையோ கறுப்பர் சட்டங்களின்படி, கறுப்பினத்தவர் இங்கே குடியிருக்க நீதிமன்ற எழுத்தரிடம் விடுதலைச் சான்று காட்டிப் பதிய வேண்டும், 500 டாலர் பிணை வேறு. பெரும்பாலும் 1849-இல்தான் இவற்றை நீக்கினார்கள். அவமானப்படுத்த எழுதிய அந்தப் பதிவேடுகள் சில கவுன்டிகளில் இன்னும் இருக்கின்றன. இன்று அவைதான் நமக்குப் பெயர்களைத் தருகின்றன.

தென்கரைக் குடும்பங்களின் உயில்களையும் பாருங்கள். முதன்முதலில் நூலகத்தில் ஒரு உயிலில் கறவை மாடுகளுக்கும் கட்டிலுக்கும் நடுவே ஒரு பெண்ணின் பெயரையும் விலையையும் பார்த்தபோது எனக்குச் சுந்தரர் கதையின் ஆளோலை, அந்த அடிமைப் பத்திரம்தான் நினைவுக்கு வந்தது. கதையாகக் கேட்டபோது கிழவர் ஓலையை நீட்டும் இடம் சுவையாக இருந்தது. அப்படி ஒரு ஓலை எழுதும் வழக்கம் நம்மிடமும் இருந்திருக்கிறது என்பது அந்த நூலகத்தில்தான் உறைத்தது.

சில இடங்களில் தாளே இருக்காது. அதற்கும் காரணம் உண்டு. இந்த ஆற்றங்கரையில் ரிப்ளி என்று ஒரு ஊர் இருக்கிறது, ஒருமுறை போய்வாருங்கள். அங்கே ஜான் பார்க்கர் என்பவர் வாழ்ந்தார். 1827-இல் வர்ஜீனியாவில் அடிமையாகப் பிறந்து, எட்டு வயதில் விற்கப்பட்டு, சங்கிலியோடு அலபாமா வரை நடத்திச் செல்லப்பட்டவர். இரும்பு வார்ப்பு கற்று, சம்பாதித்து, 1845-இல் 1,800 டாலருக்குத் தன்னையே விலைக்கு வாங்கினார். ரிப்ளியில் பகலில் வார்ப்பாலை, இரவில் படகு. கென்டக்கிக் கரைக்குப் போய் ஆட்களை அழைத்து வருவார். அழைத்து வந்தவர்களின் விவரங்களை ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்தார். 1850 சட்டம் வந்ததும் அதைத் தன் வார்ப்பாலை உலையிலேயே போட்டு எரித்துவிட்டார். அந்த ஏடு பிடிபட்டிருந்தால் எத்தனை பேர் மாட்டியிருப்பார்கள்! பிலடெல்பியாவில் வில்லியம் ஸ்டில் தன் குறிப்புகளைக் கல்லறைத் தோட்டம் ஒன்றில் மறைத்து வைத்துத் தப்பவைத்தார், 1872-இல் புத்தகமாக்கினார். ஒருவர் எரித்தார், ஒருவர் மறைத்தார். உங்கள் வீடு எந்த வகை என்று தேடாமல் தெரியாது.

ஓஹையோ ஸ்டேட் பல்கலைக்கழகப் பேராசிரியர் வில்பர் சீபர்ட் 1890-களில் ஊர் ஊராகக் கடிதம் எழுதிச் சேர்த்த நினைவுக் குறிப்புகளும் உதவும். ஆனால் அவற்றில் பேசுபவர்கள் அதிகமும் ஒளிய இடம் கொடுத்த வெள்ளையர்கள், அல்லது அவர்களுடைய பிள்ளைகள். தாத்தா பெருமை பேசாத பேரன் எங்கே இருக்கிறான்? தனியாக ஒரு சாட்சி போதாது, இன்னொன்றோடு ஒத்துப்போகிறதா பாருங்கள்.

தம்பி விஷயத்தில் என்ன கிடைத்தது? 1850-க்கு முந்தைய உரிமையாளர் யாரையும் ஒளித்துவைத்ததற்கு ஒரு துண்டுச் சீட்டுகூடக் கிடைக்கவில்லை. மாறாக 1871-இல் ஒரு பத்திரம். வாங்கியவர் பெயரை 1870 கணக்கெடுப்பில் தேடினால் அதே ஊர்: கல்வேலைக்காரர், கறுப்பினத்தவர், பிறந்த இடம் கென்டக்கி. மனைவிக்கும் கென்டக்கி. மூத்த மூன்று பிள்ளைகளுக்கும் கென்டக்கி, கடைசிக் குழந்தைக்கு மட்டும் ஓஹையோ, வயது மூன்று. தம்பி அந்த வரியைப் போனில் எனக்குப் படித்துக் காட்டிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. சொத்தாக எண்ணப்பட்ட ஒருவர், ஆறாவது வருடத்தில் சொத்து வாங்கியிருக்கிறார். அது அவன் வீடு. 1908 வரை அந்தக் குடும்பத்திடமே இருந்திருக்கிறது.

வீட்டையே சாட்சி சொல்லவையுங்கள்

ஒரு வருடம் சும்மா இரு என்றேனே, அந்த வருடத்தில் செய்ய வேண்டியவை உண்டு. ஒவ்வொரு அறைக்கும் நாலு சுவர், மேல், கீழ் என்று படமெடுங்கள். அளவெடுத்து வரையுங்கள். உதிர்ந்து விழும் எதையும் குப்பையில் போடாதீர்கள். ஆணி, சுண்ணாம்புக் கட்டி, சுவர்த்தாள் கிழிசல் எல்லாவற்றையும் உறையில் போட்டு, எந்த அறை, எந்தச் சுவர், என்ன தேதி என்று மேலே எழுதுங்கள். தம்பி வீட்டில் இப்படி ஒரு பிஸ்கட் டப்பா நிறைய ஆணி இருக்கிறது.

ஆணி பெரிய சாட்சி. கையால் அடித்த ஆணி என்றால் ஏறக்குறைய 1800-க்கு முன். தகட்டிலிருந்து வெட்டிய சதுர ஆணி அதன்பின் சுமார் 1890 வரை. இன்று கடையில் வாங்கும் உருண்டைக் கம்பி ஆணி பெருவழக்கானது அதற்குப் பிறகு. பலகையில் ரம்பத்தின் தடத்தையும் பாருங்கள்: நேர்கோடுகளாக இருந்தால் மேலும் கீழும் இயங்கிய பழைய ரம்பம், வளைகோடுகள் என்றால் வட்ட ரம்பம், அது பெரும்பாலும் 1830-களுக்குப் பின். பழைய மரத்தையே எடுத்துப் புதுச் சுவரில் பயன்படுத்துவதும் உண்டு. அதனால் ஒரு ஆணியை வைத்துத் தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். காசு இருந்தால் உத்தரத்தில் பென்சில் கனத்துக்குத் துளையிட்டு ஆண்டு வளையம் எண்ணச் சொல்லலாம். பட்டை ஒட்டிய பகுதி மிஞ்சியிருந்தால் மரம் வெட்டிய ஆண்டே தெரிந்துவிடும்.

செங்கல்லைக் கையால் தடவிப் பாருங்கள். தெற்கே பல பழைய கட்டடங்களில், ஈரமாக இருந்தபோது கல்லைத் தூக்கியவரின் விரல் பதிந்திருக்கிறது. சில விரல் தடங்கள் குழந்தைகளுடையவை. அந்த மாதிரிக் கல்லைக் கண்டால் பூசி மூடிவிடாதீர்கள்.

இனி சுரங்கப்பாதை. நான் பார்த்தவரை, “சுரங்கம்” என்று சொல்லிக் காட்டியவையெல்லாம் மழைநீர்த் தொட்டி, சாக்கடை, நிலக்கரி இறக்கும் வழி, கிழங்கு போட்டுவைக்கும் அறை, இவற்றில் ஒன்று. தம்பி வீட்டில் தொட்டி. உள்ளே சுண்ணாம்புப் பூச்சு, மேலே கூரையிலிருந்து வந்த குழாயின் துளை. ஆள் போகும் வழியே இல்லை. யோசித்துப் பாருங்கள், ஆற்றங்கரையில், வெள்ளம் ஏறும் மண்ணில், ஊர் பார்க்க யார் சுரங்கம் வெட்டுவார்கள்? வந்தவர்கள் பெரும்பாலும் வாசல் வழியாக வந்து, பரணிலோ தொழுவத்திலோ சமையலறையிலோ தங்கிப் போனார்கள். ஒட்டுப்போர்வையில் ரகசியக் குறியீடு தைத்து வழிகாட்டினார்கள் என்ற கதையும் அப்படித்தான். 1999-இல் வந்த ஒரு புத்தகத்துக்குப் பிறகு பரவியது, அந்தக் காலச் சான்று ஏதும் அதற்கில்லை.

உண்மையான தடம் சின்னதாக இருக்கும். இண்டியானாவின் ஃபவுன்டன் சிட்டியில், தப்பி வந்தவர்களுக்கு இடம் கொடுத்த லீவை காஃபினின் வீடு இருக்கிறது, 1839-இல் கட்டியது. அங்கே வீட்டுக்குள்ளேயே ஒரு கிணறு. இந்த ஒரு வீட்டுக்கு எதற்கு இவ்வளவு தண்ணீர் என்று அக்கம்பக்கத்தார் கேட்கக் கூடாதல்லவா? மாடி அறையில் கூரைச் சரிவுக்கடியில் குட்டைக் கதவு ஒன்று, கட்டிலை நகர்த்தினால் மறைந்துவிடும். சுரங்கத்தைவிட அந்தக் கிணறு எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

தண்ணீர், அப்புறம் சுண்ணாம்பு

பழைய வீட்டைக் கொல்வது வயதில்லை, தண்ணீர். உள்ளே அழகு பார்க்கும் முன் ஒரு மழை நாளில் குடை பிடித்துக்கொண்டு வீட்டைச் சுற்றி நடங்கள். கூரைத் தண்ணீர் எங்கே விழுகிறது, விழுந்த தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பாருங்கள். கூரை, தகரக் காடி, இறங்குகுழாய், சுவரிலிருந்து வெளிப்பக்கம் சரியும் மண், இந்த வரிசையில் செலவு செய்யுங்கள். அஸ்திவாரத்தில் ஈரம் என்று நிலவறைக்கு நீர்புகா வண்ணம் அடிக்கச் சொல்வார்கள். அடித்தால் ஈரம் சுவருக்குள்ளேயே சிறைப்படும்.

சுண்ணாம்பு விஷயத்தில் நான் செய்த தப்பைச் சொல்லியே ஆக வேண்டும். இந்த ஊருக்கு வந்த புதிதில், வேறொரு பழைய வீட்டில் செங்கல் சந்துகள் உதிர்ந்திருந்தன. வந்த ஒப்பந்தக்காரர் சிமென்ட் சாந்து வைத்து அடைக்கலாம் என்றார். இன்ஜினியர் என்று என்னைக் கேட்டார்கள். “சரி, நல்லா கெட்டியா இருக்கும்” என்று தலையாட்டினேன். கொத்தனார் பேத்தி! மூன்றாவது குளிர்காலம் முடிந்து போய்ப் பார்த்தால் சிமென்ட் சந்து அப்படியே நிற்கிறது, செங்கல்லின் முகம் ஓடு ஓடாகப் பெயர்ந்து கீழே கிடக்கிறது. பழைய செங்கல் மெத்தென்றது, ஈரம் குடிக்கும். அந்த ஈரம் சுண்ணாம்புச் சந்து வழியாக வெளியேறும். சந்தை இரும்பாக அடைத்துவிட்டால் ஈரம் கல்லுக்குள்ளேயே நின்று உறைந்து உப்பி, முகத்தைத் தள்ளிவிடும். சந்து உதிர வேண்டும், கல் நிற்க வேண்டும். ஐயா இதைச் சொல்லி நான் கேட்டிருக்கிறேன், படிப்பு அதை மறக்கடித்திருந்தது.

அமெரிக்காவில் போர்ட்லண்ட் சிமென்ட் தயாரிக்கத் தொடங்கியதே 1871 வாக்கில்தான். அதற்கு முந்தைய உங்கள் சுவர் அநேகமாகச் சுண்ணாம்பும் மணலும். செய்முறை இது:

பழைய சாந்தில் ஒரு கட்டியை எடுத்துப் பொடித்து, நீர்த்த அமிலத்தில் போடுங்கள் (கையுறை, கண்ணாடி போட்டுக்கொண்டு, வெளியில் வைத்து). சுண்ணாம்பு பொங்கிக் கரைந்துவிடும், அடியில் மணல் நிற்கும். அதன் நிறமும் பருமனும்தான் உங்களுக்கு வேண்டிய மணல். தம்பி வீட்டுச் சாந்தில் பழுப்பு மஞ்சள் ஆற்றுமணல், நடுநடுவே வெள்ளைச் சுண்ணாம்புப் புள்ளி. மூட்டையில் வரும் வெள்ளை மணலை வைத்திருந்தால் சுவர் பல் கட்டியது போல ஆகியிருக்கும்.

உதிர்ந்த சந்தை மட்டும் எடுங்கள், நன்றாக நிற்பதைத் தொடாதீர்கள். உளியும் சின்னச் சுத்தியலும் போதும். அறுக்கும் எந்திரம் கல்லின் ஓரத்தை வெட்டிவிடும், ஒருமுறை வெட்டுப்பட்ட ஓரம் திரும்ப வராது. சந்தின் அகலத்தைப்போல் இரண்டு, இரண்டரை மடங்கு ஆழம் எடுங்கள். நீற்றிய சுண்ணாம்பு ஒன்றுக்கு மணல் இரண்டரை அல்லது மூன்று. சுவரை முந்தின நாளே நனைத்துவைத்து, தண்ணீர் வழியாத ஈரத்தில், கொஞ்சம் கொஞ்சமாக இரண்டு மூன்று தடவையாகத் திணியுங்கள். பிறகு நனைத்த சாக்குத் தொங்கவிட்டுச் சில நாட்கள் ஈரம் காக்க வேண்டும். சுண்ணாம்பு காற்றைக் குடித்துத்தான் கல்லாகும், அவசரப்படுத்தினால் பொடியாகும். வெப்பம் 5 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போகும் நாட்களில் வேலை செய்யாதீர்கள். ஓஹையோவில் அக்டோபர் நடுவோடு கரண்டியைக் கழுவி வைத்துவிடுவது நல்லது.

கடுக்காய், வெல்லம் சேர்க்கலாமா என்று தம்பி கேட்டான். ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் அந்தச் சுவரில் அது இருந்ததில்லை, எனவே கூடாது.

பெயின்ட் பற்றி ஒரு வார்த்தை. 1978-க்கு முந்தைய வீடு என்றால் ஈயம் இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். உலர்ந்த நிலையில் சுரண்டாதீர்கள், சின்னக் குழந்தைகளை வேலை நடக்கும் இடத்தில் விடாதீர்கள். ஜன்னல்களை மாற்றச் சொல்லி வருகிறவர்களை வாசலோடு அனுப்பிவிடுங்கள். பழைய மரச் சட்டம் பழுது பார்க்கக் கூடியது, புதிய பிளாஸ்டிக் சட்டம் தூக்கி எறியத்தான் லாயக்கு.

எந்தக் காலத்துக்குத் திரும்புவது?

இந்தக் கேள்வியில்தான் தம்பிக்கும் எனக்கும் பெரிய வாக்குவாதம். அவனுக்கு 1840-களின் “அசல்” வீடு வேண்டும். பின்கட்டுச் சமையலறை பின்னால் ஒட்டியது, அவலட்சணம், இடிக்கலாம் என்றான். அமெரிக்க உள்துறையின் நெறிமுறைகள் நாலு வழிகளைச் சொல்கின்றன: இருப்பதை அப்படியே காப்பது, பயன்பாட்டுக்கு ஏற்பச் சீர்செய்வது, ஒரு காலத்துக்கு மீட்பது, இல்லாததை மறுபடி கட்டுவது. சந்தேகம் வந்தால் முதல் வழி.

சின்சினாட்டியில், ‘அங்கிள் டாம்ஸ் கேபின்’ நாவலை எழுதிய ஹாரியட் பீச்சர் ஸ்டோவ் வாழ்ந்த வீட்டுக்கு அவனை அழைத்துப் போனேன். 1830-களில் கட்டிய அந்த வீடு, நூறு வருடம் கழித்துக் கறுப்பினப் பயணிகள் நம்பித் தங்கக்கூடிய எட்ஜ்மான்ட் விடுதியாக இருந்தது. 1943-இல் மாநில அரசு வாங்கியது. இப்போது இரண்டு காலத்தையும் காட்டுகிறார்கள். ஒன்றுக்காக மற்றதை அழிக்கவில்லை.

திரும்பி வந்து பின்கட்டில் ஆணி பிடுங்கினோம். எல்லாம் சதுர ஆணி. 1880-களின் வரைபடத்தில் அந்த அறை மஞ்சளாக நிற்கிறது. அதற்கு முந்தைய வரைபடத்தில் இல்லை. அடுப்புப் புகைபோக்கியின் அடிக்கல் செதுக்கியதைப் பார்த்தால் கைதேர்ந்த கல்வேலை. ஆக, கென்டக்கியில் பிறந்த அந்தக் கல்வேலைக்காரரின் குடும்பம் தன் சொந்த வீட்டில் கட்டிய சமையலறை அது. தம்பி முன்பணம் கொடுத்து இடிக்கச் சொன்னது அதைத்தான்.

இதே மாதிரி, சின்சினாட்டி விடுதலை மையம் என்ற அருங்காட்சியகத்தில் ஒரு மரக்கொட்டடி இருக்கிறது. அடிமை வியாபாரி ஒருவர் மிசிசிப்பி மாநிலத்தின் நாச்செஸ் சந்தைக்கு அனுப்பும் முன் ஆட்களை அடைத்துவைத்த இடம். கென்டக்கியின் மேசன் கவுன்டியில், ஒரு புகையிலைக் கொட்டகைக்குள் அது பத்திரமாக நின்றிருக்கிறது. மேலே போர்த்திய கொட்டகைதான் அதைக் காப்பாற்றியது. பிரித்து, எண் போட்டு, ஆறு தாண்டிக் கொண்டுவந்தார்கள். வேறு வழியில்லாத இடத்தில் அது சரி. ஆனால் இடம் மாறிய கட்டடம் பாதி வாய் இழந்தது மாதிரி. உங்கள் வீட்டை நகர்த்தலாம் என்று யாராவது சொன்னால், எல்லா வழிகளும் அடைபட்ட பிறகு மட்டும் கேளுங்கள்.

சட்டம் எவ்வளவு தூரம் கைகொடுக்கும்

நேஷனல் ரெஜிஸ்டர் என்ற தேசிய வரலாற்று இடங்களின் பட்டியலில் சேர்ந்துவிட்டால் யாரும் இடிக்க முடியாது என்று பலர் நம்புகிறார்கள். தவறு. 1966 சட்டத்தின் கீழ் வரும் அந்தப் பட்டியல், மத்திய அரசின் பணமோ அனுமதியோ சம்பந்தப்படும்போது ஒரு கேள்வி கேட்கவைக்கும், அவ்வளவுதான். தனியார் உரிமையாளர் தன் காசில் இடித்தால் அது தடுக்காது. தடுப்பது உள்ளூர் நகராட்சியின் பாதுகாப்பு விதி, அல்லது பத்திரத்தோடு பதிவு செய்யும் நிரந்தரக் கட்டுப்பாடு. பின்னதை ஒரு அறக்கட்டளைக்கு எழுதிக்கொடுத்தால், நாளை வீட்டை வாங்குபவரையும் அது கட்டும். தம்பி எழுதிக்கொடுத்திருக்கிறான், பின்கட்டையும் சேர்த்து.

1998-இல் ஏற்பட்ட நெட்வொர்க் டு ஃப்ரீடம் திட்டம் தேசியப் பூங்காத் துறையுடையது. தப்பி வந்தவர்களோடு தொடர்புள்ள இடங்களைச் சேர்க்கும், சான்று கேட்கும். தம்பியின் வீட்டுக்கு அந்தச் சான்று இல்லை, எனவே விண்ணப்பிக்கவில்லை. வருமானம் தரும் கட்டடமாக இருந்து, பதிவும் பெற்றிருந்தால் மத்திய வரிச் சலுகை 20 சதவீதம் உண்டு. குடியிருக்கும் வீட்டுக்குக் கிடையாது. கறுப்பின வரலாற்று இடங்களுக்கு உதவ 2017-இல் தேசிய அறக்கட்டளை ஒரு நிதி தொடங்கியது, அமைப்பாகச் சேர்ந்தால் விண்ணப்பிக்கலாம். ரிப்ளியில் பார்க்கரின் வீடு சிதைந்து கிடந்ததை மீட்டதும் ஊர்க்காரர்கள் சேர்ந்த ஒரு சிறு சங்கம்தான். அதே ஊரில் மேட்டின் மேலிருக்கும், தப்பி வந்தவர்களுக்கு இடம் கொடுத்த பாதிரியார் ஜான் ராங்கின் வீட்டை மாநிலம் 1938-லேயே வாங்கிவிட்டது. இரண்டும் தேசிய வரலாற்றுச் சின்னங்களானது ஒரே ஆண்டில், 1997-இல். ஆனால் அதுவரை வெள்ளைப் பாதிரியாரின் வீடு அறுபது வருடம் பராமரிப்பில் இருந்தது, கறுப்பு வார்ப்புக்காரரின் வீடு இடிந்துகொண்டிருந்தது. இந்த வித்தியாசத்தை வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

பலகையில் என்ன எழுதுவது

சுவரில் பலகை வைக்கும் முன் அந்தக் குடும்பத்தின் வாரிசுகளைத் தேடுங்கள். உள்ளூர் ஆப்பிரிக்க மெதடிஸ்ட் தேவாலயத்தின் ஞானஸ்நான ஏடு, கல்லறைப் பட்டியல் இரண்டும் வழி காட்டும். தேடிக் கண்டால் முதலில் கேளுங்கள், பிறகு எழுதுங்கள். அது அவர்கள் கதை. தம்பி எழுதிய கடிதத்துக்கு எட்டு மாதம் கழித்துத்தான் பதில் வந்தது. அதுவும் இரண்டு வரி. அடுத்த கோடையில் மூன்று பேர் வந்தார்கள். சமையலறையில் நின்று அடிக்கல்லைப் பார்த்தார்கள், படமெடுத்துக்கொண்டார்கள், எலுமிச்சைச் சாதம் சாப்பிட்டார்கள். வாசகத்தில் ஒரு சொல்லை மாற்றச் சொன்னார்கள்.

சொற்களில் கவனம் வேண்டும். “அடிமை” என்பது அவர்களுடைய பெயரில்லை, அவர்களுக்குச் செய்யப்பட்டது. “தப்பியோடியவர்” என்றால் குற்றவாளி வாடை வருகிறது; “விடுதலை தேடி வந்தவர்” என்று இங்கே இப்போது சொல்கிறார்கள். தெரிந்ததைத் தெரிந்த அளவுக்கு எழுதுங்கள். எங்கள் பலகையில் கணவன், மனைவி, நாலு பிள்ளைகளின் பெயர்கள், 1871 முதல் 1908 வரை என்ற காலம், கடைசிப் பிள்ளை தவிர மற்றவர்கள் கென்டக்கியில் பிறந்தார்கள் என்ற செய்தி, பின்கட்டை அவர்கள் கட்டினார்கள் என்ற வரி, இவ்வளவுதான். மாற்றச் சொன்ன சொல் “குடியிருந்தனர்”. “சொந்தமாக வைத்திருந்தனர்” என்று போடச் சொன்னார்கள்.

போன மாதம் தம்பி அழைத்தான். “அக்கா, சுரங்கம் எங்கேன்னு கேட்டு இன்னும் ஆள் வருது. என்ன சொல்றது?”

“தொட்டியைத் திறந்து காட்டு. அப்புறம் சமையலறைக்குக் கூட்டிட்டுப் போ.”